காட்டிக்கொடுப்பின் கதையும் கூட்டுடைமையின் கதையும்: ஸ்பானியப் புரட்சி பற்றிய இரு படைப்புகள்

ஸ்பானிய உள்நாட்டுப் போர் (1936-1939) பற்றி எழுந்த படைப்புகளை நோக்குமிடத்து ஒரு பொதுப்பண்பு புலனாகும். போர்முனையும் அரசியற் காட்டிக்கொடுப்பும் அவற்றில் முதன்மை பெற, தொழிலாளர் தாமே நடத்திய உற்பத்தி மங்கலான பின்னணியாகிவிடுகின்றது. ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘கற்றலோனியாவுக்கு வணக்கம்’ (1938) என்ற நூலையும், கென் லோச் நெறிப்படுத்திய ‘நிலமும் விடுதலையும்’ (1995) என்ற திரைப்படத்தையும் இந்நோக்கில் மதிப்பிட முயல்வோம்.

முதற்கண் ஒரு சொல் பற்றிய தெளிவு வேண்டப்படுகின்றது. ‘அராஜகம்’ என்ற சொல் தமிழ் வழக்கிலே ஒழுங்கின்மையைக் குறிப்பது. ஸ்பானியத் தொழிலாளரின் கோட்பாடோ அரசும் முதலாளியும் இன்றி ஒழுங்கை அமைப்பது பற்றியது. ஆதலின் ‘அரசின்மைவாதம்’ என்பதே ஈண்டுப் பொருந்தும். 1910இல் பார்சிலோனாவில் நிறுவப்பட்ட தேசியத் தொழிலாளர் சம்மேளனம் (சி.என்.ரி.) இக்கோட்பாட்டைத் தொழிற்சங்க இயக்கத்தோடு இணைத்து வளர்த்தது.

1936 ஜூலையில் இராணுவம் கிளர்ந்தெழுந்தபோது, பார்சிலோனாத் தொழிலாளர் காவற்படையினருள் ஒரு பகுதியினரின் துணையோடு அதனை முறியடித்தனர். அதன் பின் நிகழ்ந்ததே நமது கவனத்துக்குரியது. தடையரண்கள் அகற்றப்பட்டுச் சில நாள்களுள் ட்ராம் வண்டிகள் தொழிலாளர் நிருவாகத்தில் மீண்டும் ஓடின. ஆலைகள், உணவகங்கள், தொலைபேசிச் சேவை என்பனவும் தொழிலாளர் குழுக்களின் பொறுப்பாயின. 1936 அக்டோபர் 24ஆந் திகதிய கற்றலோனிய ஆணை, 100 பேருக்கு மேற்பட்டோர் பணியாற்றிய நிறுவனங்களைக் கூட்டுடைமையாக்கிச் சட்டவடிவம் அளித்தது. அரகோனிற் பல கிராமங்கள் நிலத்தைப் பொதுவாக்கின. சில, பணத்தை நீக்கிப் பற்றுச்சீட்டு முறையைக் கைக்கொண்டன.

ஓர்வெல் 1936 டிசம்பரிற் பார்சிலோனாவை அடைந்தார். பரிசாரகர் வாடிக்கையாளரை நிமிர்ந்து நோக்கியமையும், இனாம் வழங்கல் தடைசெய்யப்பட்டமையும் அவரது பார்வைக்குத் தப்பவில்லை. சமத்துவம் மனித நடத்தையில் எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதைக் காட்டிய வகையில் அந்நூல் தனிச்சிறப்புடையது. எனினும், அவர் மார்க்சிய ஐக்கியத் தொழிலாளர் கட்சியின் படையிற் சேர்ந்து அரகோன் முனைக்குச் சென்றவர், பட்டறைக்குள் வாழ்ந்தவரல்லர். 1937 மே மாத மோதல்கள் தொலைபேசி நிலையத்தைக் காவற்படை கைப்பற்ற முயன்றதோடு தொடங்கின. அம்மோதல்களை நுணுக்கமாக விவரிக்கும் ஓர்வெல், ஒன்பது மாதங்களுக்கு மேலாக அந்நிலையத்தைத் தொழிலாளர் எங்ஙனம் நடத்தினர் என்பதை விரித்துரைப்பதில்லை. அவரது நேர்மையில் ஐயமில்லை. அவர் நின்ற இடமே அவரது பார்வையின் எல்லையாயிற்று.

லோச்சின் திரைப்படமும் அதே கட்சியின் படையிற் சேர்ந்த லிவர்பூல் இளைஞன் ஒருவனையே கதைமாந்தனாகக் கொள்கின்றது. ஆயினும் ஒரு காட்சியில் அது ஓர்வெல்லைக் கடந்து செல்கின்றது. விடுவிக்கப்பட்ட கிராமத்தின் மக்கள் கூடி, நிலத்தைப் பொதுவாக்குவதா எனத் தர்க்கிக்கின்றனர். தன் காணியைத் தானே வைத்திருக்க விரும்பும் விவசாயியின் குரலும், வெளிநாட்டு ஆதரவை இழக்கலாகாது என எச்சரிக்கும் போராளியின் குரலும் ஏளனமின்றி ஒலிக்கின்றன. கோட்பாடு இங்கே வாழ்க்கைப் பிரச்சினையாகின்றது. ஆனால், வாக்கெடுப்புக்குப் பின் கூட்டுடைமை எவ்வாறு நடைமுறைப்பட்டது என்பதைத் திரைப்படம் தொடர்ந்து நோக்குவதில்லை. அதன் பிற்பகுதி காட்டிக்கொடுப்பின் சோகமாகவே வளர்கின்றது.

காட்டிக்கொடுப்பு உண்மையே. 1937 ஆகஸ்டில் அரகோன் மன்றம் கலைக்கப்பட்டது. லிஸ்டரின் படைப்பிரிவு அங்கு அனுப்பப்பட்டுக் கூட்டுப்பண்ணைகள் பல சிதைக்கப்பட்டன. ஆயின் அழித்தோரை மட்டும் காட்டும் கலை, அழிக்கப்பட்டது யாதென்பதை உணர்த்தத் தவறுகின்றது. பல கூட்டுப்பண்ணைகளிற் பெண்களுக்கு ஆண்களினும் குறைந்த ஊதியமே வகுக்கப்பட்டது. ஆயுதந் தாங்கிய படையணிகளின் நிழலிலே விவசாயிகள் எத்துணை விருப்புடன் இணைந்தனர் என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியது. தொழிலாளர் நிருவாகத்தின் கீழும் வேலைக்கு வராமை நீடித்ததை மைக்கல் சைட்மனின் ஆய்வு (1991) எடுத்துக்காட்டியது. அரசை மறுத்த இயக்கத்தின் நால்வர் 1936 நவம்பரில் அமைச்சரானமை யாவற்றினும் பெரிய முரண்பாடு.

இம்முரண்பாடுகளைக் கூறுவது அம்முயற்சியைச் சிறுமைப்படுத்துவதாகாது. மாறாக, அதனைச் செய்தோரைத் தீர்மானிக்கும் மனிதராக மதிப்பதாகும். பலியானோர் என்ற நிலையில் மட்டும் அவர்களைப் படைத்தால் நமது இரக்கம் பெருகலாம். ஊதியத்தை வகுப்பது யார், கணக்கை நோக்குவது யார், போர்க்காலத்தில் இறுதி முடிவு எவருடையது என்ற வினாக்கள் எழா. அவ்வினாக்களே அப்புரட்சி பிற்காலத்தவர்க்கு விட்டுச்சென்ற உண்மையான முதுசொம். லோச்சின் கிராமக் கூட்டம் அவற்றின் வாயிலைத் திறந்தது. அவ்வாயிலினூடே உட்சென்று, தொழிலாளர் நடத்திய பட்டறையின் ஒரு முழு ஆண்டைக் காட்டும் படைப்பே ஸ்பானியப் புரட்சியை அதன் முழுமையில் நமக்கு உணர்த்த வல்லது.