அண்ணனின் பழைய போன்

ஒவ்வொரு செப்டம்பரிலும் தமிழ் யூடியூப் முழுக்க ஒரே கேள்வி சுற்றி வருகிறது. 2024இல் அது, "கையில் ஐபோன் 15 புரோ இருக்கிறது, 16 புரோவுக்கு மாறலாமா?" என்று கேட்கப்பட்டது. அதற்கு முந்தைய வருடம் இரண்டு எண்களிலும் ஒன்று குறைவு, அவ்வளவுதான். இந்த போன் விமர்சனக் காணொளிகளை நான் பல வருடங்களாக, சிறுகதையையோ சினிமாவையோ பார்ப்பதுபோல ஒரு வகைமையாகவே கவனித்து வருகிறேன். அவற்றுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. பெட்டியைக் கிழித்துத் திறக்கும் கை. பழையதையும் புதியதையும் மேசைமேல் அருகருகே வைப்பது. கேமராவுக்கு ஒரு மாலைநேரம், பேட்டரிக்கு ஒரு முழுநாள். கடைசியில் தீர்ப்பு.

தீர்ப்பு பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். 15 புரோவுக்கும் 16 புரோவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். திரை 6.1 அங்குலத்திலிருந்து 6.3 ஆகியிருக்கிறது. எடை 187 கிராமிலிருந்து 199. மூன்று மடங்கு ஜூம் ஐந்து மடங்காயிற்று. கேமராவுக்கென்று பக்கவாட்டில் ஒரு பொத்தான். இந்தியாவில் விலை 1,19,900 ரூபாயில் தொடங்கியது. 15 புரோ வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டாம், மூன்று நான்கு வருடப் பழைய போன் வைத்திருப்பவர் யோசிக்கலாம் என்று சொல்வதில் தவறென்ன? ஒன்றுமில்லை. என் வழக்கு தீர்ப்போடு அல்ல. அந்தக் கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்படுகிறது என்பதோடுதான்.

அந்தக் காணொளிகளின் உலகில் ஒரே ஓர் ஆள் இருக்கிறார். அவரிடம் சொந்தச் சம்பளம் இருக்கிறது, இஎம்ஐ போட கார்டு இருக்கிறது, போனை வைத்துக்கொள்ளச் சட்டைப்பையும் இருக்கிறது. பழைய போனும் அவருடையதே, புதிய போனும் அவருடையதே. தீர்ப்பு சொன்ன கணமே பழைய போன் காட்சியிலிருந்து மறைந்துவிடும். "எக்ஸ்சேஞ்சில் போட்டுடுங்க, இல்லைன்னா வீட்ல யாருக்காவது கொடுத்துடுங்க" என்று ஒரு வரி. அந்த "வீட்ல யாருக்காவது" என்பதில்தான் நாம் இருக்கிறோம்.

இந்த விஷயத்தில் தமிழின் வினைச்சொற்கள் நேர்மையானவை. அப்கிரேடு என்ற சொல் நம் புழக்கத்தில் இருந்தாலும் வீட்டுப் பேச்சில் அது "போன் மாத்திட்டேன்" என்றுதான் வருகிறது. ஆண்கள் மாற்றுகிறார்கள். பெண்களிடம் கேட்டால், "அவரோட பழைய போனைக் கொடுத்தாரு", "அண்ணன் போன், இப்ப நான் வச்சிருக்கேன்" என்கிறார்கள். மாற்றுவது ஒருவர், வாங்கிக்கொள்வது இன்னொருவர். 'வச்சிருக்கேன்' என்பதை மீண்டும் ஒருமுறை படியுங்கள். உடைமையைச் சொல்லும் சொல்லல்ல அது, பராமரிப்பைச் சொல்லும் சொல்.

அக்காவின் பாவாடை தங்கைக்கு வருவது அளவை ஒட்டி. அக்கா வளர்ந்துவிட்டாள், துணி சின்னதாகிவிட்டது. போன் இறங்கி வருவது அளவை ஒட்டியல்ல, படிநிலையை ஒட்டி. அப்பாவிடமிருந்தோ அண்ணனிடமிருந்தோ அது அம்மாவுக்கும் தங்கைக்கும் வரும். அம்மா வைத்திருந்தது பாட்டிக்குப் போகும். பந்தியில் கடைசியாக உட்கார்ந்த நமக்கு இந்த வரிசை புதிதல்ல. எக்ஸ்சேஞ்சில் நல்ல விலை கிடைத்துவிட்டால் கடைசிப் பந்தியும் இல்லை. கடைக்காரர் தரும் தொகையோடு வீட்டுப் பெண் போட்டிபோட வேண்டியிருக்கிறது.

கையின் அளவு பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். துருக்கியைச் சேர்ந்த சமூகவியலாளர் ஜெய்னெப் துஃபெக்சி 2013இல் எழுதினார்: இஸ்தான்புல் கெசி பூங்காப் போராட்டத்தில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே ஒரு கையால் போனைப் பிடித்துப் படமெடுக்க முடியவில்லை, காரணம் அந்த போன் ஆணின் கைக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது என்று. கேரொலைன் கிரியாடோ பெரஸ் 2019இல் வந்த தன் புத்தகத்தில் இதே விஷயத்தை இன்னும் விரிவாகக் கையாண்டார். அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2020இலும் 2021இலும் 5.4 அங்குலத்தில் 'மினி' என்று இரண்டு ஐபோன்கள் வந்தன. 2023இல் இரண்டாவதும் விற்பனைப் பட்டியலிலிருந்து போய்விட்டது. 4.7 அங்குல எஸ்இ 2025 பிப்ரவரியோடு முடிந்தது. விற்கவில்லை, அதனால் நிறுத்தினார்கள் என்பார்கள். பெண்களுக்கு எது தேவை என்பதைச் சந்தை எப்படித் தெரிந்துகொள்ளும், அவர்கள் பெரும்பாலும் வாங்குபவர்களாக இல்லாமல் பெறுபவர்களாகவே இருக்கும்போது? இரண்டாம் கைக்கு வருபவள் கடையில் எந்த அளவையும் தேர்ந்தெடுத்ததில்லை. அவள் விருப்பம் எந்த விற்பனைக் கணக்கிலும் பதிவாகவில்லை.

நோக்கியா 1100 இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள் வெற்றிலையோடு கிடந்தது. எடை 86 கிராம். 16 புரோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சுருக்குப்பை அதே அளவில்தான் இருக்கிறது.

அந்த போனைக் கோத்துக் கொடுக்கும் கைகளைப் பற்றி விமர்சனக் காணொளிகள் ஒரே ஒரு நொடி பேசுகின்றன. பெட்டியைத் திருப்பி "இந்தியாவில் அசெம்பிள் செய்யப்பட்டது" என்ற வரியைப் பெருமையோடு வாசிக்கும் நொடி. 2024இல் புரோ வகைகளும் இங்கே தயாராகத் தொடங்கியபின் அந்தப் பெருமை கூடியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் நஞ்சு கலந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்து, 2022 ஜனவரியில் திறந்தது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ், இந்த ஆலையின் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வெளியிட்டது. புதிதாக எடுத்தவர்களில் கால்வாசிப்பேர் திருமணமானவர்கள் என்று நிறுவனம் மறுத்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஆகஸ்டிலேயே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 706.50 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. நல்ல கட்டடம், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கல்யாணம் ஆனால் வேலைக்கு ஆகாது என்ற புகாருக்குக் கட்டில் பதிலாகாது.

இனி, எனக்கு முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். பழைய போன் வெறும் பொருளாகக் கைமாறுவதில்லை, ஒரு கணக்கோடு சேர்ந்து கைமாறுகிறது.

நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஒரு மாணவி தன் அண்ணனின் பழைய ஐபோனை வைத்திருந்தாள். அண்ணன் புதுசு வாங்கியதும் சிம்மை மட்டும் எடுத்துக்கொண்டு அப்படியே கொடுத்துவிட்டான். ஆப்பிள் கணக்கு இரண்டு போனிலும் அவனுடையதே. அவள் எடுத்த படங்கள் அவன் போனிலும் வந்து விழுந்தன. அவள் யாரிடம் பேசினாள் என்ற அழைப்புப் பட்டியல் அங்கேயும் தெரிந்தது. போன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம். அண்ணன் வில்லன் இல்லை. வேவு பார்க்கும் செயலி எதையும் அவன் நிறுவவில்லை. எதையும் செய்யவில்லை என்பதுதான் விஷயம். வெளியேறாமல் விட்டுவிட்டான், மிச்சத்தைக் கருவி பார்த்துக்கொண்டது. ஆண்ட்ராய்டில் கணக்கின் பெயர் கூகுள் என்று மாறும், கதை மாறாது. கண்காணிக்கிறோம் என்ற உணர்வுகூட இல்லாமல் கண்காணிக்க முடிவது பழைய ஆணாதிக்கத்துக்குக் கிடைக்காத சௌகரியம். அந்தக் காலத்தில் அண்ணன் பேருந்து நிறுத்தம்வரை நடந்து வரவாவது வேண்டியிருந்தது.

முகம் காட்டித் திறக்கும் வசதி ஐபோனில் 2017இல் வந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு முகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குக் கொடுத்திருக்கும் பெயர் 'ஆல்டர்னேட் அப்பியரன்ஸ்', அதாவது மாற்றுத் தோற்றம். ஒரே ஆளின் வேறு தோற்றத்துக்காக வைத்த வசதி அது. நம் வீடுகளில் அதில் பதிவாவது மனைவியின் முகம். போனின் கணக்குப்படி அவள் தனி ஆள் அல்ல, கணவரின் இன்னொரு தோற்றம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்று தெரியும். திட்டமிடாமலே இவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டதே என்றுதான் வியக்கிறேன்.

வன்முறையான உறவில் இருப்பவர்களை மனதில் வைத்து ஆப்பிள் 2022இல் 'சேஃப்டி செக்' என்றொரு வசதி கொண்டுவந்தது. யாரோடு எதையெல்லாம் பகிர்கிறோம் என்று பார்த்து ஒரே மூச்சில் துண்டித்துவிடலாம். உண்மையிலேயே உதவக்கூடியது. ஆனால் அதுவும் கணக்கு உன்னுடையது என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறது. கணக்கே அவருடையது என்றால் எதிலிருந்து யாரைத் துண்டிப்பது? பாதுகாப்பை வடிவமைத்தவர்களின் மனதிலும் ஒரு போனுக்கு ஓர் ஆள்தான், யூடியூப் விமர்சகரின் மனதில் இருப்பதைப்போலவே.

இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது: சிம். எத்தனை பெண்களின் எண்கள் அப்பாவின் ஆதாரிலும் கணவரின் ஆதாரிலும் வாங்கப்பட்டவை! பத்து வருடமாக அவள் எண் என்று ஊரே நினைக்கும். சிம் தொலைந்தால் மாற்று சிம் வாங்க யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அடையாள அட்டையோடு வர வேண்டும். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. வீட்டைவிட்டு வெளியேறும் நிலை வரும் பெண்ணுக்கு இதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் சுமார் 54 விழுக்காடு என்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர். நம் மாநிலத்தைப் பற்றிப் பெருமைப்பட அடிக்கடி எடுத்துக்காட்டும் எண் இது. அதில் உள்ள சொல் 'பயன்படுத்தும்'. யார் வாங்கியது, யார் பெயரில் கணக்கு, யார் பெயரில் சிம் என்ற கேள்விகளை அந்த எண் தொடுவதில்லை.

"அப்படியென்றால் பெண்களும் வருடாவருடம் ஒன்றேகால் லட்சத்துக்கு போன் வாங்க வேண்டும் என்கிறீர்களா?" என்று ஒரு தோழி கேட்டாள். இல்லை. ஒரு போனின் ஆயுளில் வெளியாகும் கரியில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது என்று ஆப்பிளின் சொந்தச் சூழல் அறிக்கைகளே காட்டுகின்றன. ஒரு போனை ஆறேழு வருடம் உழைக்க வைப்பவர்தான் பூமிக்கு நல்லது செய்கிறார். அந்த வேலையை, பேட்டரி வீங்கும்வரை, திரைவிரிசல்மேல் டேப் ஒட்டி, நம் அம்மாக்கள் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். 15 புரோ இரண்டாம் கையிலும் மிக நல்ல போன். நான் கேட்பது புதிய போன் அல்ல. கொடுப்பதை முழுதாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான். கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, கடையிலிருந்து வந்ததுபோல வெற்றாகக் கொடுக்க வேண்டும். முதல் முகமாக அவள் முகம் பதிவாக வேண்டும். கடவுச்சொல் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். "எங்களுக்குள்ள என்ன ரகசியம்?" என்று கேட்கும் கணவர்களிடம், உங்கள் புதிய போனின் கடவுச்சொல் உங்கள் மனைவிக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். சிலர் சிரித்தார்கள்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னதை வகுப்பில் பாடமாக நடத்தும்போது மாணவிகள் உடனே அரசாங்கத்தைப் பற்றியும் ஆதாரைப் பற்றியும்தான் பேசுவார்கள். இந்த முறை நான், எல்லோரும் போனை எடுத்து செட்டிங்ஸைத் திறங்கள், கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள் என்றேன். சொந்தப் பெயர் இருந்தவர்கள் அலட்சியமாகக் காட்டினார்கள். சிலர் காட்டவில்லை. மணியடித்து எல்லோரும் போனபின் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி வந்தாள்.

"மேடம், அப்பா பேரை எடுத்துட்டா அவருக்கு மெசேஜ் போகுமா?"

போகும் என்றேன். எடுக்கவே அவருடைய பாஸ்வேர்டு கேட்கும் என்பதையும் சொன்னேன்.