தோண்டாத சுரங்கத்தின் கதையாடல்

பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத்தில், ஈரானும் ஆப்கானிஸ்தானும் வந்து முட்டுகிற சாகாய் மாவட்டத்தில் ரெக்கோ டிக் இருக்கிறது. பலூச்சி மொழியில் மணற்குன்று என்று அர்த்தம். அடியில் செம்பும் தங்கமும். அந்தச் செம்பைச் சுற்றி முப்பது வருஷமாக எழுதப்பட்டு வரும் பிரதிகளைத்தான் இங்கே வாசிக்கப் பார்க்கிறேன்: ஒப்பந்தம், சாத்தியப்பாட்டு அறிக்கை, தீர்ப்பு. இதெல்லாம் வக்கீல்கள் படிக்கிற சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிக்கொண்டோம். ஒரு சுமாரான நாவலுக்குக் கொடுக்கிற கவனத்தைக்கூட இவற்றுக்குக் கொடுத்ததில்லை.

1993இல் பலுசிஸ்தான் வளர்ச்சி ஆணையமும் ஆஸ்திரேலியாவின் பிஎச்பி கம்பெனியும் ஒப்பந்தம் போட்டன. கம்பெனிக்கு 75 பங்கு, மாகாணத்துக்கு 25. பிறகு உரிமை கைமாறி டெத்தியான் காப்பர் கம்பெனியிடம் போயிற்று. 2006இல் அந்தக் கம்பெனியைச் சிலியின் அன்டோஃபகஸ்டாவும் கனடாவின் பாரிக்கும் வாங்கிக்கொண்டன. பெயரைக் கவனியுங்கள். டெத்திஸ் என்பது மனிதன் தோன்றுவதற்கு வெகு முன்பே மறைந்துபோன ஒரு கடல். மனிதர்களே இல்லாத காலத்திலிருந்து தன் பெயரை எடுத்துக்கொள்கிறது கம்பெனி. புவியியலாளர்கள் பழக்கத்தில் வைத்த பெயராக இருக்கலாம். ஆனாலும் இந்தக் கதையாடலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

2010இன் அறிக்கை 590 கோடி டன் கனிமப்பாறை என்றது. அதில் செம்பு 0.41 சதவீதம், தங்கம் டன்னுக்கு 0.22 கிராம். அதாவது ஒரு டன் பாறையை இடித்து மாவாக்கினால் சுமார் நான்கு கிலோ செம்பு, கால் கிராமுக்கும் குறைவான தங்கம். மீதி அத்தனையும் ஈரப்பொடியாக அங்கேயே குவிந்து கிடக்கும். இந்த மாவாட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும், அதுவும் மழை தெரியாத ஊரில். பத்திரிகைகள் இதைப் ‘புதையல்’ என்று எழுதுகின்றன. புதையல் எடுத்தால் ஒரு குழிதான் மிஞ்சும். இங்கே ஒரு மலை இடம்மாறிப் பொடியாகிறது. அறிக்கையிலேயே இருக்கிற எண்ணை அந்தச் சொல் மூடி மறைக்கிறது.

2011இல் மாகாண அரசு சுரங்கக் குத்தகையை மறுத்தது. 2013 ஜனவரியில் பாகிஸ்தான் உச்சநீதிமன்றம் 1993 ஒப்பந்தமே செல்லாது என்றது. கம்பெனி உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த முதலீட்டுத் தகராறு மையத்துக்குப் போயிற்று. 2019 ஜூலையில் தீர்ப்பு: பாகிஸ்தான் ஏறக்குறைய 600 கோடி டாலர் தரவேண்டும். அதில் நஷ்டஈடு மட்டும் 408 கோடிக்கு மேல், மீதியில் பெரும்பகுதி வட்டி. சர்வதேச நிதியம் பாகிஸ்தானுக்கு 600 கோடி டாலர் கடன் அனுமதித்ததும் அதே மாதத்தில்தான்.

கம்பெனி அதுவரை செலவழித்திருந்தது இருபது கோடி டாலருக்குச் சற்று மேல். மற்றது எங்கிருந்து வந்தது? பல பத்தாண்டுகள் சுரங்கம் ஓடும், செம்பு இன்ன விலைக்குப் போகும், லாபம் இவ்வளவு என்று எழுதி, அந்த எதிர்காலத்தைத் தள்ளுபடி செய்து இன்றைய பணமாக மாற்றினார்கள். ஒரு கைப்பிடி செம்புகூட விற்காத சுரங்கம் அது. கிணத்தைக் காணோம் என்று வடிவேலு போலீசில் புகார் கொடுத்ததற்கு நாம் சிரித்தோம். அவரிடமாவது கிணறு வெட்டியதாக ரசீது இருந்தது.

புனைவென்று நாம் ஒதுக்குவதை அவர்கள் எதார்த்தம் என்கிறார்கள், அந்த எதார்த்தத்துக்கு ஒரு நாட்டையே வட்டி கட்டச் சொல்லவும் முடிகிறது. இந்தக் கணக்கு முறையில் எதிர்காலம் என்பது முதலீட்டாளருக்கு வந்துசேரும் பணம் மட்டுமே. மேய்ச்சல்காரனின் அடுத்த இருபது வருஷத்துக்கு அதில் கட்டம் கிடையாது. அது யாருடைய கல்நெஞ்சாலும் வந்ததல்ல. பிரதியின் வடிவமே அப்படி. அதனால்தான் நல்லவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் இதே விடைதான் வரும்.

தமிழில் இதை எழுதும்போது ‘பாலைவனம்’ என்ற சொல் தானாக வந்து விழுகிறது. நம் இலக்கணத்தில் பாலைக்குத் தனியே நிலம் ஒதுக்கவில்லை தொல்காப்பியர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் அது பாலை என்கிறது சிலப்பதிகாரம். நிலத்துக்கு நேர்கிற ஒரு கதி அது. சாகாய் இயற்கையிலேயே வறண்ட பூமிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வறட்சியை ‘ஆளற்ற வெளி’ என்று மாற்றியது எழுத்து. 1998 மே 28இல் பாகிஸ்தான் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததும் இதே மாவட்டத்து ராஸ்கோ மலையில். பாலையில் வாழ்பவர்களை ஆறலைப்போராக, வழிப்பறிக்காரர்களாக எழுதிவைத்த மரபு நம்முடையது. சாகாயில் ஈரானிய டீசலை பிக்கப் வண்டியில் ஏற்றி வந்து பிழைப்பவனுக்கும் அப்படித்தான் ‘கடத்தல்காரன்’ என்று ஒற்றைப் பெயர்.

நம் பக்கத்து ஆட்களையும் இங்கே கேட்கவேண்டியிருக்கிறது. 2013 தீர்ப்பை இறையாண்மையின் வெற்றி என்று கொண்டாடிய இடதுசாரிகள் உண்டு. யாருடைய இறையாண்மை? பலுசிஸ்தானின் சூயி கிராமத்தில் 1952இல் எரிவாயு கண்டுபிடித்தார்கள். கராச்சிக்கும் பஞ்சாபுக்கும் குழாய் போயிற்று. மாகாணத் தலைநகர் குவெட்டாவின் அடுப்புக்கு அது வந்தது 1980களில். ‘நம்முடைய வளம்’ என்று தேசம் சொல்லும்போது அந்த ‘நம்’முக்குள் சூயிக்காரன் இருந்ததில்லை. பலூச் அரசியலிலும் ‘நம் தங்கம்’ என்ற பேச்சு ஓங்கும்போது மாவாகும் மலையும் தண்ணீரும் பின்னுக்குப் போய்விடுகின்றன. புதையல் கதையை எதிர்த்தரப்பும் அப்படியே வாங்கிக்கொள்கிறது. பங்கு பற்றித்தான் சண்டை.

பங்கும் மாறியது. 2022 மார்ச்சில் புதிய உடன்பாடு: பாரிக்குக்கு 50, மத்திய அரசின் கம்பெனிகளுக்கு 25, பலுசிஸ்தானுக்கு 25. இந்தத் தடவை மாகாணம் முதல் போடவேண்டியதில்லை. அது சின்ன விஷயமில்லை, போராடாமல் அதுவும் வந்திருக்காது. நஷ்டஈட்டுத் தீர்ப்பும் இதோடு தீர்த்துக்கொள்ளப்பட்டது. அதாவது, தோண்டாத சுரங்கத்துக்குப் போட்ட அபராதமே அதைத் தோண்டவைக்கும் கயிறாயிற்று.

அடுத்த மாதம், ஏப்ரலில், அதே மாவட்டத்தில் பாதுகாப்புப் படையினர் சுட்டதில் வண்டியோட்டி ஒருவர் செத்துப்போனார். அதைக் கண்டித்து நோக்குண்டியில் கூடியவர்கள் மீதும் சுட்டார்கள். பலர் காயம்பட்டார்கள். ரெக்கோ டிக்கிற்குப் பக்கத்து ஊர் என்று எல்லா அறிக்கையும் குறிப்பிடுவது இந்த நோக்குண்டியைத்தான்.