பதிவேட்டில் இல்லாத மஸ்டாங்

ஃபோர்டு பதிவேட்டில் '1964½' என்று ஒரு மாடலே கிடையாது. ஆனால் அமெரிக்காவில் பழைய கார் சேகரிப்பவர்கள் கூடும் எந்த இடத்துக்காவது போய், "இங்கே அறுபத்து நாலரை மஸ்டாங் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் பானட்டைத் திறப்பார், ஒருவர் டார்ச்சைத் தேடுவார், இன்னொருவர் "அப்படியொரு வருஷமே இல்லை" என்று ஆரம்பித்துவிடுவார். அதன் பிறகு பொழுது போவதே தெரியாது. கார்ப் பைத்தியங்கள் போடும் சண்டைகளிலேயே இதைப்போல ருசியான சண்டை வேறு இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

சண்டையின் வேர் எளிமையானது. அமெரிக்கக் கம்பெனிகள் அடுத்த வருஷத்து மாடலை இலையுதிர் காலத்திலேயே இறக்கிவிடுவது வழக்கம். மஸ்டாங்குக்கு அந்தப் பொறுமை இல்லை. 1964 மார்ச் 9 அன்று மிச்சிகனில் உள்ள டியர்போர்ன் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. ஏப்ரல் 17 அன்று 2,368 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. முதல் நாளிலேயே 22,000 பேர் வாங்க முன்வந்தார்கள் என்பது ஃபோர்டு சொன்ன கணக்கு. ஆகஸ்டில் ஆலை வழக்கம்போல 1965 மாடலுக்கு மாறியபோது, பல உறுப்புகளும் சேர்ந்து மாறின. அதற்கு முன் வெளிவந்தவை 1,21,538 கார்கள் என்பது சேகரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் எண்ணிக்கை. அவற்றைத்தான் அவர்கள் நாலரை என்கிறார்கள். ஃபோர்டோ முதல் காரிலிருந்தே எல்லாவற்றுக்கும் '5' என்று முத்திரை குத்திவிட்டது. 5 என்றால் 1965.

டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் ஆகஸ்ட் மாதத்தில் பழைய கார்கள் ஊர்வலமாக வரும் ட்ரீம் க்ரூஸில்தான் எனக்கு இந்தக் கிறுக்கு முற்றியது. சாலையோரம் இரண்டு மஸ்டாங்குகள் அடுத்தடுத்து நின்றன. இரண்டும் கூரை மடக்கும் கன்வெர்ட்டிபிள், இரண்டும் வெள்ளை. எட்ட நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கிட்டே போனதும் ஒரு பெரியவர் என்னைக் குனியச் சொல்லி பானட்டின் முன்விளிம்பைக் காட்டினார். ஒரு காரில், ஹெட்லைட்டை ஒட்டிய இரு முனைகளிலும் தகடு மடிக்கப்படாமல் சரிவாகச் சீவிவிட்டதுபோல் நின்றது. மற்றதில் அதே இடத்தில் தகடு அழகாக மடிந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு விரற்கடை அளவு வித்தியாசம்தான், சில மாதங்களின் சரித்திரமே அதில் இருந்தது!

பானட்டைத் தூக்கினால் இன்னும் கொண்டாட்டம். நாலரையில் நீள உருளையாக ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கும். பின்னால் வந்தவற்றில் குட்டையான ஆல்டர்னேட்டர். டேஷ்போர்டு விளக்கிலும் அதற்கேற்றாற்போல் 'ஜென்', 'ஆல்ட்' என்று எழுத்து மாறும். ஹாரன்கள் முதலில் ரேடியேட்டருக்குப் பின்னால் சட்டத்தில் இருந்தன, பிறகு முன்பக்கம் போயின. பிரேக் விளக்கின் சுவிட்ச் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பெடலுக்கு இறங்கியது. உள்ளே உட்கார்ந்தால், நாலரையில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டை முன்னும் பின்னும் நகர்த்த முடியாது. பெட்ரோல் மூடியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். மூடிகள் திருட்டுப் போனதால் பிறகு கம்பியால் பிணைத்தார்கள். கார்ட்ஸ்மன் ப்ளூ, பகோடா க்ரீன் போன்ற நிறங்கள் அந்த முதல் சில மாதங்களோடு போய்விட்டன. பகோடா க்ரீன் மஸ்டாங் ஒன்றை வெயிலில் பார்த்தவர்களுக்கு வேறு பச்சை எதுவும் பிடிக்காது.

ஆனால் இவை அத்தனையும் மாற்றக்கூடியவை. அறுபது வருஷத்தில் எத்தனையோ கைகள் பட்டிருக்கும். ராத்திரியில் ஹெட்லைட் மங்குகிறது என்று ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டவர்கள் ஏராளம். விபத்தில் போன பானட்டுக்குப் பதிலாகக் கிடைத்ததை மாட்டியவர்களும் உண்டு. "ஜெனரேட்டர் இல்லாவிட்டால் நாலரை இல்லை" என்று ஒரு கட்சி, "மாட்டியதைப் பார்க்காதே, பிறந்ததைப் பார்" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

பிறந்ததைப் பார்க்க வழி இருக்கிறது, அதுதான் இந்தக் காரின் மகா அழகு. டிரைவர் பக்கம் பானட்டுக்குக் கீழே, மட்கார்டின் உட்புறத் தகட்டில் குத்தியிருக்கும் எண்ணைப் படியுங்கள். முதலில் 5. அடுத்த எழுத்து ஆலை: எஃப் என்றால் டியர்போர்ன், ஆர் என்றால் கலிபோர்னியாவின் சான் ஹோசே. பிறகு உடல் வகை: 07 ஹார்ட்டாப், 08 கன்வெர்ட்டிபிள். அதை அடுத்து எஞ்சினைக் குறிக்கும் எழுத்து. யு, எஃப், டி, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் பேச்சே இல்லை, அது நாலரை. யு என்பது 170 கன அங்குல ஆறு சிலிண்டர், எஃப் என்பது 260 வி8, டி என்பது 210 குதிரைத்திறன் கொண்ட 289. ஆகஸ்டுக்குப் பின் இந்த மூன்றும் ஒழிந்து வேறு எழுத்துகள் வந்தன. கே என்று இருந்தால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். 271 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சின் 1964 ஜூனில் வந்து, பின்னாலும் தொடர்ந்தது. அப்போது கதவோரத் தகட்டில் உள்ள தேதிக் குறியீட்டைப் பார்க்க வேண்டும்: மார்ச்சுக்கு சி, ஜூலைக்கு ஜி, ஆகஸ்டுக்கு எச். அந்தத் தகடு ரிவெட் அடித்தது. புதிதாகச் செய்தும் விற்கிறார்கள். எனவே உட்புறத் தகட்டு எண்ணோடு ஒத்துப்பார்க்காமல் நம்பக் கூடாது.

எனக்கு இதிலெல்லாம் பெரிய பரவசம், உதிரிபாக எண்கள்தான். ஃபோர்டு முறையில் முதல் எழுத்து பத்தாண்டு, சி என்றால் அறுபதுகள். அடுத்த இலக்கம் வருஷம். மூன்றாவது எழுத்து எந்தக் காருக்காக வடிவமைத்த பாகம் என்று சொல்லும்: மஸ்டாங்குக்கு இஸட், ஃபால்கனுக்கு டி. மஸ்டாங்கின் வயிற்றுக்குள் குனிந்து துடைத்துப் பார்த்தால் டி எழுத்துகள் வரிசையாகக் கண்ணில் படும். பளபளப்பான இந்த நாயகி, சிக்கனமான குடும்பக் கார் ஃபால்கனின் எலும்பில் எழுந்தவள் என்பதை அவள் உடம்பே சொல்கிறது. ஃபோர்டில் இந்தக் காருக்காக முன்னின்ற லீ அயகோக்காவின் குழு அவ்வளவு விரைவாகவும் மலிவாகவும் இந்தக் காரைக் கொண்டுவர முடிந்ததன் ரகசியமும் அதுதான்.

டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் வெள்ளை கன்வெர்ட்டிபிள் ஒன்று நிற்கிறது. அதன் வரிசை எண் 100001. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குப் பார்வைக்காக அனுப்பிய இந்தக் காரை, அங்கிருந்த டீலர் ஸ்டான்லி டக்கர் என்ற விமானிக்கு விற்றேவிட்டார். 1966இல் பத்து லட்சமாவது மஸ்டாங் தயாரான சமயத்தில்தான், புத்தம் புதிய கார் ஒன்றைக் கொடுத்து ஃபோர்டு இதைத் திரும்பப் பெற்றது. வரிசையில் முதல் எண் என்பதற்காக அதுவே ஆலையிலிருந்து முதலில் இறங்கியது என்று ஆகிவிடாது என்பார்கள் சேகரிப்பாளர்கள். அந்த வாதம் சரிதான். ஆனாலும் அதன் முன்னால் நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

என் தீர்ப்பு இது: காகிதத்தில் அது 1965, பிறப்பில் நாலரை, இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் தப்பே இல்லை. உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவரிடமோ அப்படியொரு கார் இருந்து, ஓட்டுவதற்கு வசதியாக ஆல்டர்னேட்டர் மாட்ட வேண்டியிருந்தால் தாராளமாக மாட்டுங்கள். கழற்றிய ஜெனரேட்டரை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், எண்ணெய்த் துணியில் சுற்றி டிக்கியிலேயே வைத்திருங்கள்.