யார் காலில் ஆழம் பார்ப்பது?

ஆழம் பார்த்துக் காலை விடு என்பது முதுமொழி. நல்ல மொழிதான், மறுக்கமாட்டோம். ஆனால் ஆளவந்தார் பலர் கைக்கொண்ட மொழி வேறு: ஆழம் தெரியவேண்டுமா, ஊரான் பிள்ளையை இறக்கிவிடு! மூழ்கினால் அவன் மூழ்குவான். கரையில் நிற்பவர் கால் நனையாது.

எங்கள் ஏழாயிரம்பண்ணை வட்டாரம் பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் கரிசல் பூமி. புதுச் சரக்கு செய்தவர் அதை விற்குமுன் வெட்டவெளியில் ஒன்றைக் கொளுத்திப் பார்ப்பது அறிவுடைமை. அதுபோலவே, புதுக் கருத்தை மக்கள்முன் வைத்து அவர்தம் மனமறிவதும் குற்றமன்று. கொளுத்தும் கை யாருடையது? வெடித்தால் கருகுவது யாருடைய விரல்? நாம் கேட்பது அது ஒன்றே.

1937-இல் சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பேற்ற ஆச்சாரியார், பள்ளிகளில் இந்தியைப் புகுத்தும் எண்ணத்தை முதலில் பேச்சாக வெளியிட்டார். நாடு எதிர்த்தது. மனமறியத்தான் பேசினார் என்றால், அன்றே மறுமொழி கிடைத்துவிட்டது. எனினும் 1938 ஏப்ரலில் ஆணை பிறந்தது. 125 பள்ளிகளில் இந்தி கட்டாயம்! 1939-இல் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் உயிர் நீத்தனர். 1940-இல் கட்டாயம் நீங்கியது. ஆணையிட்டவர் இழந்தது என்ன? அந்த இளைஞர்களின் வீடுகள் இழந்தது என்ன?

மீண்டும் 1953. சட்டமன்றத்தைக் கலக்காமலே புதிய தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. அரைநாள் பள்ளி, எஞ்சிய நேரம் பெற்றோர் தொழில். குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயரிட்டது. எங்கே தொடங்கினர்? நகரத்திலா? இல்லை, நாட்டுப்புறத்துப் பள்ளிகளில்! ஏட்டைத் தொட்ட முதல் தலைமுறையின் முதுகிலே சோதனை! எங்கள் கரிசல் மண்ணில் அத்திட்டம் நிலைத்திருந்தால், எஞ்சிய அரைநாள் பிள்ளைகள் எங்கே போயிருப்பர்? தீப்பெட்டி ஆபீசுக்குத்தான். விருதுநகரில் பிறந்த காமராசர் 1954-இல் முதலமைச்சரானதும் அதைக் கைவிட்டார். பிழைத்தோம்.

2019 மே 31 அன்று வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கை வரைவு, இந்தி பேசாத மாநிலங்களிலும் இந்தி கற்பிக்கவேண்டும் என்றது. தமிழ்நாடு பொங்கியது. ஜூன் 3-ஆம் நாள் அவ்வரி திருத்தப்பட்டது. திருத்தியது சரியே. ஆயினும், அதுவரை கேட்ட விடை என்ன? ‘இது வரைவுதானே!’ ஏற்றால் எங்கள் கொள்கை, எதிர்த்தால் யாரோ எழுதிய வரைவு! தன் கருத்துக்குத் தானே பொறுப்பேற்க அஞ்சுவோர் செய்வது கருத்தறிதல் ஆகுமா? கண்ணாமூச்சி அன்றோ அது!

ஆழம் பார்த்த வேறொரு கூட்டமும் இந்நாட்டில் உண்டு. 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில், பெரியார் முன்னிலையில், புரோகிதர் இன்றிச் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதைக் காக்கச் சட்டம் இல்லை. ஊரின் ஏச்சு உண்டு. மணமக்கள் தம் வாழ்வையே சோதனைக்கு வைத்தனர். அவர்வழி பல்லாயிரவர் வந்தனர். 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்றது. மனைவி மனைவியல்லள் என்றால், பிள்ளைகளின் உரிமை என்னாகும்? அந்த இடியையும் அவர்களே தாங்கினர். 1967-இல் அண்ணாவின் ஆட்சி இயற்றிய சட்டம், முன்னர் நடந்த மணங்களையும் சேர்த்தே செல்லத்தக்கதாக்கியது. வாழ்ந்து காட்டியவர் முன்னே, சட்டம் பின்னே!

தி.மு.கழகம் தேர்தலில் நிற்பதா என்ற வினா எழுந்தபோதும், 1956 திருச்சி மாநாட்டில் வாக்குப்பெட்டி வைத்துக் கேட்டனர். நிற்கவேண்டும் என்றோரே மிகப் பெரும்பான்மையோர். வேண்டாம் என்றோர் 4,203 பேர். கேட்டனர், கேட்டபடி நடந்தனர். 1957-இல் களம் புகுந்தனர்.

முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அங்கே இடரும் இழப்பும் பிறர்க்கு, இங்கே அவை தமக்கு.

தோழர்களே, பிறரைக் குறைசொல்லி முடித்துவிட்டால் நாம் பகுத்தறிவாளர் ஆகோம். சாதி ஒழிக என்று மேடையிலே முழங்கி, கைதட்டலை அளந்து மகிழ்கிறோம். வீட்டிலே பெண்பார்க்கும் நாள் வந்ததும், ‘மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை’ என்று பின்வாங்குவோர் நம்மிலே இல்லையா? பக்குவப்படாதவர் மக்களா, நாமா? சுக்கிலநத்தத்து மணமக்கள் ஊர் பக்குவப்படட்டும் என்று காத்திருக்கவில்லையே!

ஆழம் பார்ப்போம், தவறில்லை. நம் காலை விட்டுப் பார்ப்போம்!