ஸ்டேட்டைக் குறைத்தேன், சூளைத் திரை பறக்கிறது!

ரியாக்டில் ஸ்டேட்டோடு மல்லுக்கட்ட முடியவில்லை என்று இனிமேல் யாராவது புலம்பினால், பக்கத்தில் உட்காரவைத்து என் சூளைத் திரையைத்தான் காட்டப்போகிறேன். கருவேப்பிலங்குறிச்சியில் வீட்டில் இருந்தபடியே விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றுக்குச் செயலி எழுதிக்கொடுக்கிறேன். எந்த லாட் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டுகிற திரை அது. இன்றைக்கு அந்த நிரலைத் திறந்தாலே மனசு குளிர்ந்துபோகிறது. அவ்வளவு கச்சிதம்!

பட்டறை வேலை இப்படி: களிமண் குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி பொம்மையை வார்ப்பார்கள். காயவைப்பார்கள். பிஸ்கட் சூடு கொடுத்து, கிளேஸ் பூசி, மறுபடி சூளையில் ஏற்றுவார்கள். எனக்குக் கைமாறி வந்த நிரலில் இந்த ஐந்துக்கும் ஐந்து யூஸ்ஸ்டேட் இருந்தது. வார்த்தாச்சா, காய்ஞ்சாச்சா, பிஸ்கட் ஆச்சா, கிளேஸ் ஆச்சா, முடிஞ்சாச்சா என்று ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. பெருக்கிப் பாருங்கள், 32 சேர்க்கைகள்! நிஜத்தில் நடக்கக்கூடியவை, இன்னும் வார்க்காத லாட்டையும் சேர்த்து, 6 மட்டுமே. மீதி 26-ம் பட்டறையில் பிறக்கவே முடியாதவை. காயாமலே கிளேஸ் பூசிய பொம்மை, சூளையைப் பார்க்காமலே முடிந்துபோன பொம்மை. இவை திரையில் வந்துவிடாமல் தடுக்கத்தான் கோப்பு முழுக்க இஃப் மேல் இஃப்.

ஐந்தையும் தூக்கிவிட்டு ‘கட்டம்’ என்று ஒரே ஒரு மாறியை வைத்தேன். ஆறு சொற்களில் ஏதாவது ஒன்றுதான் அதன் மதிப்பு. அந்த 26 அபத்தங்களையும் இனி யாரும் நினைத்தாலும் எழுத முடியாது. தடுப்பு இஃப்கள் அத்தனையும் போய்விட்டன. அழிக்க அழிக்க வந்த சந்தோஷம் இருக்கிறதே, புதிதாக எழுதும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

அடுத்து, சூளையில் எத்தனை லாட் என்ற எண். அதற்கும் தனி ஸ்டேட் வைத்து, யூஸ்எஃபெக்ட் போட்டுச் சரிக்கட்டியிருந்தார்கள். லாட் பட்டியல் கையில் இருக்கும்போது எண்ணிக்கையை எதற்குச் சேமிக்க வேண்டும்? தேவைப்படும்போது எண்ணிக்கொண்டால் போயிற்று. 2023-ல் வந்த ரியாக்டின் புதிய ஆவணத் தளமும் இதைத்தான் சொல்கிறது: முரண்படக்கூடிய ஸ்டேட் வேண்டாம், கணக்கிட்டு எடுக்க முடிவதைச் சேமிக்க வேண்டாம். ஃபேஸ்புக்கே இந்த எண்ணிக்கை விஷயத்தில் பட்டபாடு பிரசித்தம். புதுச் செய்தி வந்திருப்பதாகச் சாட் ஐகானில் எண் தெரியும். திறந்தால் ஒன்றும் இருக்காது. சரிசெய்தாலும் திரும்ப வரும். 2014-ல் ஃப்ளக்ஸ் முறையை அவர்கள் மேடையேற்றியபோது சொன்ன உதாரணமே அதுதான். மறுவருஷம் டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் அதே வழியில் ரிடக்ஸ் லைப்ரரியைக் கொடுத்தார்கள். பெரிய குழுக்களுக்கு ரிடக்ஸ் டூல்கிட் இன்றைக்கும் அருமையான துணை.

ஆனால் என் திரைக்கு ஜுஸ்டாண்ட்! 2019-ல் வந்த சின்ன லைப்ரரி. ப்ரொவைடர் சுற்றத் தேவையில்லை, ஸ்டோரை உருவாக்கினால் கையில் ஒரு ஹூக் வந்துவிடும். வேண்டிய துண்டை மட்டும் செலக்டரால் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் துண்டு மாறினால்தான் காம்பொனென்ட் ரீரெண்டர் ஆகும். முன்பு எல்லாம் ஒரே கான்டெக்ஸ்டில் கிடந்ததால், ஒரு லாட்டைத் தொட்டால் அத்தனை வரிசையும் திரும்ப வரையப்படும். மேற்பார்வையாளர் கையில் இருப்பது விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன், அது திணறும். இப்போது ஒவ்வொரு வரிசையும் தன் லாட்டின் கட்டத்தை மட்டும் கேட்கிறது, தலைப்பு சூளையில் உள்ள லாட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்கிறது. ரியாக்ட் டெவ்டூல்ஸில் ரீரெண்டரைக் கட்டம்கட்டிக் காட்டும் வசதியைப் போட்டுவிட்டுப் பொத்தானைத் தட்டினேன். அந்த ஒரு வரிசையும் தலைப்பு எண்ணும் மட்டும் மின்னின, மற்றதெல்லாம் அசையவே இல்லை. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து ரசித்தேன்!

பட்டறைக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. பர்சிஸ்ட் மிடில்வேரைச் சேர்த்ததும் லாட் விவரம் போனிலேயே தங்கிவிடுகிறது. ‘கிளேஸுக்கு நிற்பவை மட்டும்’ என்கிற வடிகட்டலை மட்டும் ஸ்டோரில் வைக்காமல் முகவரியிலேயே வைத்தேன். முதலாளி அந்த இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பினால் மேற்பார்வையாளருக்கும் அதே பட்டியல் திறக்கும்.

போன வாரம் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். “தம்பி, கப்புக்கு டெக்கல் ஒட்டிச் சுடுறதையும் இதுல போடணுமே, ரொம்ப வேலையா?”

“இல்லண்ணே, இப்பவே போட்டுடறேன்.”

கட்டங்களின் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்தேன். விட்டுப்போன இடங்களை டைப்ஸ்கிரிப்ட் தானாகவே சிவப்புக் கோடிட்டுக் காட்டியது: நிறம், பொத்தானின் பெயர், அடுத்த கட்டம். மூன்றையும் நிரப்பினேன், ஓடிவிட்டது. பழைய முறையாக இருந்தால் ஆறாவது யூஸ்ஸ்டேட் வந்து உட்கார்ந்து, 32 சேர்க்கைகள் 64 ஆகியிருக்கும்!