சட்டகங்களுக்கு இடையிலான காலம்: காலச்சுருக்கப் படமும் வன்னி அனுபவமும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே முதற்பொருள் என வகுத்தார். காலம் தனித்தோடும் அருவப்பொருளன்று. ஒரு நிலத்தில், அங்கு வாழ்வோரின் தொழிலிலும் உறவிலும் உணரப்படுவது என்னும் கருத்து இப்பாகுபாட்டினுள் அடங்கியுள்ளது. பரிசோதனைத் திரைப்படத்தின் ஒரு கூறாகிய காலச்சுருக்கப் படப்பிடிப்பினை மதிப்பிடுவதற்கும் அது துணைபுரியும்.

இம்முறையின் இயக்கம் எளிது. நிமிடத்துக்கு ஒரு சட்டகமாகப் பதிந்து, செக்கனுக்கு 24 சட்டகங்களாகக் காட்டினால், ஒரு நாள் ஒரு நிமிடத்திற் கடந்துவிடும். மணிக்கு ஒன்றாகப் பதிந்தால், மூன்றரை மாத நெற்பயிர் இரண்டு நிமிடத்துக்குள் விளைந்துவிடும். கண்ணுக்குப் புலனாகாத வளர்ச்சி புலனாகின்றது என்பது உண்மையே. ஆயின் களை பிடுங்கிய கைகள் அப்படத்திற் கணநேரக் கீற்றாகவே எஞ்சும். இடைவெளியைத் தீர்மானிப்பவரே காணத்தக்கது எது என்பதையும் தீர்மானிக்கின்றார்.

கிறிஸ் வெல்ஸ்பி 1974இல் வேல்ஸ் மலைப்புறமொன்றில் எடுத்த 'ஏழு நாட்கள்' இப்பிரச்சினையை நேர்மையுடன் எதிர்கொண்டது. பகல் முழுவதும் 10 செக்கனுக்கு ஒரு சட்டகம். வெயில் எறித்தபோது கமரா தன் நிழலையே நோக்கிற்று. முகில் மறைத்தபோது வானை நோக்கிற்று. கருவி எங்கே நிற்கின்றது என்பதைப் பார்வையாளர் மறக்கவியலாது.

வன்னியை நோக்கிய கருவிக்கு அத்தகைய நிழல் இருக்கவில்லை. 2009 மே 6ஆம், 10ஆம் திகதிகளில் முல்லைத்தீவுக் கரையோரத்தைச் செய்மதிகள் எடுத்த படங்களை, விஞ்ஞான முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கம் ஒப்பிட்டு ஆராய்ந்தது. இரு சட்டகங்கள், இடையே நான்கு நாட்கள். சான்று என்ற வகையில் அவை பெறுமதி மிக்கவை. எனினும் அந்நாட்களைப் பதுங்குகுழியிற் கழித்தோரின் காலம் அவற்றில் இல்லை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். அதனை நாளுக்கு ஒரு சட்டகமாகப் பதிந்திருந்தால் ஓராண்டு பதினைந்து செக்கனாகும். அப்படத்தில் தாய்மார் மூப்படைவர். அவர்தம் கையிலுள்ள படங்களிற் பிள்ளைகள் மூப்படையார். முல்லைத்திணையின் உரிப்பொருளாகிய இருத்தலுக்குக் கார்காலம் எல்லையாயிருந்தது. இங்கோ மாரிகள் பல வந்து சென்றும் காத்திருப்புக்கு எல்லை வாய்க்கவில்லை.

மாற்றத்தையே பொருளாகக் கொண்ட கலைவடிவம் மாறாமையைக் காட்ட நேரும் இடம் இதுவாகும். முகிலின் ஓட்டத்தையும் வீதிகளின் எழுச்சியையும் மட்டும் விரைவுபடுத்திக் காட்டும் படம், அபிவிருத்தி பேசுவோரின் காலத்தையே வன்னியின் காலமாக நிறுவிவிடும். ஆதலின், இடைவெளி யாரால், யாருக்காக வகுக்கப்பட்டது என வினவுதல் விமர்சகரின் முதற்கடனாகும்.