முற்றும் எச்சமும்

வடசேரி கனகமூலம் சந்தையில் முழு வாக்கியம் பேசுகிறவன் வாழைப்பழம் வாங்கிக் கரையேற முடியாது. "மட்டி?" என்று கேட்டால், "சீப்பு நாப்பது" என்று பதில் வரும். "கூடுதல்" என்பேன். "காலையிலே வெட்டினதாக்கும்." அவ்வளவுதான், பேரம் படிந்துவிடும். குலை கண்ணெதிரே தொங்குகிறது. நாங்கள் சொல்லாமல் விட்டதை அது சொல்லிவிடுகிறது.

கதையில் குலை தொங்குவதில்லை. சென்ற மாதம் கதை கொண்டுவந்த ஓர் இளைஞரிடம் இதைத்தான் சொல்லப் பார்த்தேன். தகப்பனாரின் மரணத்தைப் பற்றிய கதை, ஆறு பக்கம். "மழை. ஆஸ்பத்திரி வராந்தா. நனைந்த தரை. அம்மாவின் விரல்கள்." இப்படியே போகிறது. ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் ஒரு புள்ளி. உணர்ச்சி மிகுந்த இடங்களில் மூன்று.

"வாக்கியத்தை முடிச்சா உணர்ச்சி செத்துப்போகும் அண்ணாச்சி. புதுமைப்பித்தனே இப்படித்தானே எழுதினார்?" என்றார்.

புதுமைப்பித்தன் பெயரை எடுத்துவிட்டால் நாகர்கோயிலில் மறுத்துப் பேசுவது சிரமம். 1951-ல் அவருக்கு நினைவு மலர் கொண்டுவந்த சுந்தர ராமசாமியின் ஊர் அல்லவா! ஆனால் தவளைப் பாய்ச்சல் என்று பெயர் வாங்கிய அந்த நடையைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். தவளை தாவுவது வாஸ்தவம். தாவுவதற்கு முன் அது எங்கோ ஊன்றி உட்கார்ந்திருக்கிறது என்பதும் வாஸ்தவம். முழு வாக்கியங்களில் ஆளையும் இடத்தையும் ஸ்தாபித்துவிட்டுத்தான் அவர் தாவுகிறார்.

தவிர, துண்டு எது என்பதிலேயே நமக்குக் குழப்பம் இருக்கிறது. வினைச்சொல் இல்லாவிட்டால் வாக்கியம் இல்லை என்பது இங்கிலீஷ் வாத்தியார் சொன்னது. "அவர் என் மாமா" என்பதில் வினை ஏது? முழு வாக்கியந்தான். "வந்தான்" என்ற ஒரே சொல்லும் முழு வாக்கியந்தான்; எழுவாயை விகுதி சுமந்துகொண்டு நிற்கிறது. ஏட்டுச் சுவடிக்காரர்களுக்கு இன்றைய நிறுத்தக்குறிகள் கிடையாது. அவை தமிழ் உரைநடையில் வேர்விட்டதில் ஆறுமுக நாவலருக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு முன் வாக்கியத்தை நிறுத்தியது வினைமுற்று. எனவே பெயரை நிறுத்திப் புள்ளி வைப்பதில் தமிழ்க் காதுக்கு அதிர்ச்சி அதிகமில்லை. "கதவைத் திறந்து." என்று எச்சத்தின்மேல் புள்ளி வைத்தால் திடுக்கிடும். பலமான ஆயுதம், ஒரு கதையில் ஒரு தடவைக்கு மேல் தாங்காது.

அந்த ஆறு பக்கத்திலும் அசல் துண்டு ஒன்று இருந்தது. காரியங்களெல்லாம் முடிந்த மறுநாள் காலை, அம்மா வாசல் பெருக்க வருகிறாள். "அப்பாவின் செருப்பு." உடனே அடுத்த பத்தி. அவள் என்ன செய்தாள் என்று எழுதவில்லை; எழுத வேண்டியதும் இல்லை. ஆனால் முதல் வாசிப்பில் நானே அதைத் தாண்டிப் போய்விட்டேன். நூறு துண்டுகளைத் தாண்டிப் பழகிய கண் அல்லவா!

இந்தத் தப்பு என் முதல் தொகுப்பிலும் நிறைய உண்டு. பயனிலை தெரியாத இடங்களில் புள்ளி வைத்துவிட்டு, அதைத் தொனி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தேகத்தில்தான் கேட்டேன்:

"தம்பி, அம்மாவின் விரல்கள் என்ன செய்தன?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டுட்டு இருந்தா அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய ரூபாய்க்கு."

ஆறு பக்கத்தில் அது எங்கும் இல்லை.